இரண்டாவது சாவி எங்கே இருக்கிறது?

 

இம்மாதம் உங்களிடம் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வீட்டு வாசலில் கார் ஒன்று நிற்கிறதெனில், அதன் இரண்டாவது சாவி இப்போது எங்கே இருக்கிறது? எழுந்து போய்ப் பாராமல், வீட்டில் எவரையும் கேளாமல், உடனே உங்களால் பதில் சொல்ல முடிகிறதா? முடியுமாயின் நீங்கள் பாராட்டுக்குரியவர். முடியாதெனில், சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

என் தங்கையின் கணவர் ஷார்ஜாவில் பணியாற்றுகிறார். கீழக்கரையில் இருக்கும் அவருடைய உம்மாவுக்கு வாரம் இருமுறை இராமநாதபுரம் சென்று இரத்தச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டிய நிலை. அதற்காகவே அவர் ஒரு காரை வாங்கி நிறுத்திவிட்டுப் போனார். "மச்சான், வண்டி உங்க பொறுப்பு. உம்மாவை நேரத்துக்குக் கூட்டிப் போனா போதும்" என்று கூறி, விமானம் ஏறும் நாளில் சாவியை என் கையில் வைத்தார். அது பிறர் பொருள். என்னிடம் அமானத்தாக வந்தது. அந்த நினைவோடுதான் இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன்.

எங்கள் உறவினர் வீட்டுத் திருமணத்தன்று இரவு அந்தச் சாவி காணாமற் போயிற்று.

விருந்து முடிந்து புறப்படும் வேளையில் சட்டைப் பையில் கை விட்டேன், இல்லை. வீட்டிலே தேடினோம், மண்டபத்திலே தேடினோம், பாத்திரம் கழுவும் இடத்தில் கொட்டிக் கிடந்த எச்சில் இலைகளைக் கூடக் குச்சியால் கிளறிப் பார்த்தோம். இரவு 12 மணிக்கு ஷார்ஜாவுக்குத் தொலைபேசியில் பேசி இரண்டாவது சாவியைப் பற்றிக் கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அது எங்கிட்டதான் இருந்துச்சு மச்சான். ஊருல இருந்து வரும்போது பெட்டியிலே போட்டுக்கிட்டு வந்துட்டேன். போன வருஷம் ரூம் மாறினப்ப எங்கே போச்சுன்னு தெரியலை" என்றார்.

ஆக, இரண்டு சாவிகளும் இல்லை. மறுநாள் விடிந்தால் மாமியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பணிமனை சொன்ன கணக்கு

வாடகைக் கார் ஒன்றை அமர்த்தி அன்றைய காரியத்தை முடித்தோம். போக வர 1,200 ரூபாய். திரும்பும் வழியில் வண்டி விற்ற நிறுவனத்தின் பணிமனைக்குச் சென்று விவரம் கூறினேன். அங்கிருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, "ஒரு சாவியாவது இருக்கிறதா?" என்று வினவினார். இல்லை என்றேன். அவர் முகம் மாறிற்று.

வண்டியை இழுத்து வர வேண்டும். கதவு, ஸ்டீயரிங், டிக்கி ஆகியவற்றின் பூட்டுகள் அனைத்தையும் ஒரு தொகுதியாக மாற்ற வேண்டும். அதனுடன் சேர்ந்த சிறு கணினிப் பெட்டியையும் மாற்ற வேண்டியிருக்கும். தொழிற்சாலையிலிருந்து பொருள் வருவதற்கு 3 வாரம் ஆகலாம். மொத்தம் 34,000 ரூபாய்க்குக் குறையாது. இதுவே அவர் தந்த கணக்கு. அத்துடன் வண்டியின் சொந்தக்காரர் கையொப்பமிட்ட கடிதமும் வேண்டும் என்றார்.

மூன்று வாரம் என்றால் மாமிக்கு ஆறு முறை வாடகைக் கார். அதற்கு மட்டும் 7,200 ரூபாய். ஒரு சிறிய சாவிக்கு ஏன் இத்தனை விலை என்ற எரிச்சலில் வீடு திரும்பினேன். பிறகு விவரம் தெரிந்த சிலரிடம் கேட்டறிந்த போதுதான், அந்த விலையில் எவ்வளவு பகுதி தவிர்க்க இயலாதது, எவ்வளவு பகுதி என்னுடைய அசட்டையால் வந்தது என்பது விளங்கிற்று.

இரும்புச் சாவி போய்ச் சில்லுச் சாவி வந்தது

நம் வீடுகளில் பெரியவர்கள் சாவிக் கொத்தை இடுப்பில் செருகியிருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பெட்டகத்துச் சாவி தொலைந்தால் திண்டுக்கல்லில் பழகிய பூட்டுக்காரர் ஒருவர் வந்து, பூட்டின் வாயைப் பார்த்து, அரத்தால் இராவி, ஒரு மணி நேரத்தில் வேறு சாவி செய்து கொடுத்துவிடுவார். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் பெருமை அத்தகைய கைகளால் வந்ததே.

கார்களின் சாவியும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது. அம்பாசிடர் காரின் சாவியும், 1983 டிசம்பரில் சாலைக்கு வந்த மாருதி 800இன் அந்நாளைய சாவியும் வெறும் உலோகத் துண்டுகளே. பல்லின் அமைப்புப் பொருந்தினால் போதும், பூட்டுத் திறக்கும், வண்டியும் கிளம்பும். அதனால் சாவி செய்வது எளிதாயிருந்தது, திருடுவதும் எளிதாயிருந்தது.

கார்த் திருட்டு பெருகவே, ஐரோப்பிய நாடுகளில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்திலும் மின்னணுத் தடைக் கருவி இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. இம்மொபிலைசர் என்று வழங்கப்படும் அக்கருவி பிற்பாடு நம் நாட்டுக் கார்களிலும் பரவலாக வந்து சேர்ந்தது.

அதன் வேலை இதுதான். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள்ளே அரிசி மணியளவோ சற்றுப் பெரியதோ ஆன ஒரு சில்லு இருக்கிறது. சிப் என்று நாம் அழைப்பது அதையே. அதற்குத் தனியே பேட்டரி கிடையாது. சாவியைத் துளையில் நுழைத்துத் திருப்பியவுடன், துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்து காந்த அலை வழியாக அதற்குச் சிறிது மின்சக்தி கிடைக்கிறது. உடனே சில்லு விழித்துக்கொண்டு தன் இரகசிய அடையாளத்தைச் சொல்கிறது. வண்டியின் கணினி அதனைத் தன் நினைவில் உள்ள அடையாளத்தோடு ஒப்பிடுகிறது. பொருந்தினால் என்ஜின் ஓடும். பொருந்தாவிட்டால் எரிபொருளோ தீப்பொறியோ நிறுத்தப்பட்டு என்ஜின் அடங்கிவிடும். பிந்தைய வண்டிகளில் கணினி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கேள்வி கேட்கிறது. சில்லு அதற்கேற்ற விடையைச் சொல்ல வேண்டும்.

எனவே இன்றைய கார்ச் சாவி செய்வதில் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, உலோகப் பல்லை வெட்டுவது. மற்றொன்று, சில்லை வண்டியின் கணினிக்கு அறிமுகப்படுத்துவது. முதல் வேலைக்குக் கூலி சொற்பம், இரண்டாவதற்குத்தான் பணம். வண்டியை நன்கறிந்த ஒரு சாவி கையில் இருக்கும் போது அந்த அறிமுகம் எளிது. எல்லாச் சாவிகளும் போய்விட்டால் கணினியின் பூட்டையே உடைக்காமல் திறக்க வேண்டியிருக்கிறது. "ஒரு சாவியாவது இருக்கிறதா?" என்று பணிமனைக்காரர் முதலில் கேட்டதன் காரணம் இதுவே.

உங்கள் சாவி எந்த வகை?

சாவி தொலைந்தவுடன் பதற்றத்தில் பேரம் பேசத் தொடங்குவதற்கு முன், அது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். கூலி ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். ஆயினும் ஏறுமுகமான வரிசை இதுதான்.

வெறும் உலோகச் சாவி: பழைய வண்டிகளுக்கு உரியது. மாதிரிச் சாவி இருந்தால் கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

சில்லு உள்ள சாவி: தலைப் பகுதி சற்றுத் தடித்திருக்கும், பொத்தான் இராது. சாவி இல்லாமல் வண்டி நிற்கும் போது முன்பலகையில் சாவி அல்லது பூட்டுப் படம் போட்ட சிறு விளக்கு மின்னினால், உங்கள் வண்டியில் தடைக் கருவி உண்டென்று பொருள்.

ரிமோட் பொத்தானுடன் கூடிய சாவி: இதில் கதவைத் திறக்கும் ரிமோட் வேறு, என்ஜினை அனுமதிக்கும் சில்லு வேறு. ரிமோட் இன்றியும் வண்டி ஓடும். சில்லு இன்றி ஓடாது. பணமுடை இருப்பின் இப்போதைக்கு ரிமோட் இல்லாத சில்லுச் சாவியை மட்டும் செய்துகொண்டு, கதவைக் கையாலேயே திறந்து கொள்ளலாம். இது பலருக்குத் தோன்றாத சிக்கனம்.

பையிலிருந்தபடியே வேலை செய்யும் சாவி: பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டிகளுக்கு உரியது. நான்கிலும் விலை மிகுந்தது இதுவே. இதனைத் தொலைத்தால் பல்லாயிரம் ரூபாய் போவது உறுதி.

செலவுக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, சாவி உண்மையிலேயே போய்விட்டதா, அல்லது வேலை செய்யவில்லையா என்று பாருங்கள். ரிமோட் அடங்கிவிட்டால் பெரும்பாலும் குற்றம் உள்ளே இருக்கும் நாணய வடிவப் பேட்டரியுடையது. நூறு ரூபாய்க்குள் தீரும் காரியத்திற்காகப் புதுச் சாவி வாங்கியவர்களை நான் அறிவேன். பையிலிருந்து வேலை செய்யும் சாவியின் பேட்டரி தீர்ந்தாலும் அஞ்ச வேண்டாம். அதன் உள்ளே ஒரு சிறிய உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதனை உருவிக் கதவைத் திறக்கலாம். பின் அந்தச் சாவியைக் கிளப்பும் பொத்தானை ஒட்டி வைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, மேலோடு உடைந்த சாவியைத் தூக்கி எறியாதீர்கள். புதிய மேலோடு மலிவாகக் கிடைக்கும். பழையதன் உள்ளிருக்கும் பலகையையும் சில்லையும் அதற்குள் மாற்றிக் கொள்ளலாம். ஆனால் கவனம் தேவை. சில்லு தனியாக ஒரு மூலையில் ஒட்டியிருக்கும். கறுப்புத் துணுக்கு அல்லது கண்ணாடிக் குழல் போன்று தோன்றும். அதைக் குப்பையென்று எறிந்துவிட்டு, "புது மேலோடு போட்டதிலிருந்து வண்டி கிளம்பவில்லை" என்று அலைவோர் பலர்.

மூன்றாவது, வண்டி வாங்கிய நாளில் தந்த உறையைத் தேடுங்கள். புதிய சாவிகளோடு சிறிய தகடு ஒன்று, எண் பொறிக்கப்பட்டுத் தொங்கும். அந்த எண் இருந்தால் மாதிரிச் சாவி இன்றியே பல்லை வெட்டிவிடலாம். சில நிறுவனங்கள் கணினிக்குரிய இரகசிய எண்ணை ஓர் அட்டையில் தனியே கொடுப்பதுண்டு. நம்மில் பெரும்பாலோர் அத்தகட்டைச் சாவியோடு சேர்த்தே கோத்துவைக்கிறோம். சாவி போனால் எண்ணும் போகிறது. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே.

நான்காவது, ஓரிடத்தில் சொன்ன விலையோடு நின்றுவிடாதீர்கள். நிறுவனப் பணிமனை, கார்ச் சாவி செய்யும் தனிக் கடை, மின்னணு வேலை தெரிந்த பழுதுபார்ப்பவர் ஆகிய மூவரிடமும் கேளுங்கள். வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் வெளியில் கொடுப்பதற்கு முன் பணிமனையில் ஒரு வார்த்தை கேட்பது நலம். கேட்கும் போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லாமல், எந்த ஆண்டு வந்தது, பெட்ரோலா டீசலா, ஒரு சாவி உண்டா இல்லையா என்பதையும் சொல்லுங்கள். விலையில் பல் வெட்டும் கூலி, சில்லைப் பதிவு செய்யும் கூலி, வந்து போகும் செலவு மூன்றும் அடங்குமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வேறொரு வண்டியின் பழைய சாவியை மலிவு என்று வாங்காதீர்கள். ஒரு வண்டிக்கென்று பூட்டப்பட்ட சில்லைப் பல வண்டிகளில் மற்றொன்றுக்கு மாற்ற இயலாது.

இவை அனைத்திற்கும் மேலாக ஒன்று. சாவி உள்ளே சிக்கி, வண்டிக்குள் ஒரு குழந்தையும் சிக்கியிருந்தால், இக்கட்டுரையில் உள்ள சிக்கனம் எதுவும் அங்குப் பொருந்தாது. வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களில் கொதிக்கும். குழந்தைக்கு எட்டத்தில் உள்ள கண்ணாடியை உடனே உடைத்துவிடுங்கள். அந்த வேளையில் கண்ணாடியின் விலையை எண்ணலாகாது.

மதுரையிலிருந்து வந்தவர்

என் கதைக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் வழியாக மதுரையில் கார்ச் சாவி செய்பவர் ஒருவரைப் பற்றி அறிந்து பேசினேன். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு. வருகைச் செலவு உட்பட 8,500 ரூபாய் கேட்டார். ஆனால் வருவதற்கு முன் அவர் என்னைத்தான் விசாரித்தார். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? நீங்கள் அவருக்கு என்ன உறவு? இன்சூரன்ஸ் தாள் இருக்கிறதா? காவல் நிலையத்தில் சொல்லிவிட்டீர்களா?

வந்து இறங்கிய பின்னும் பெட்டியைத் திறக்கவில்லை. தாள்களைப் பார்த்தார், ஷார்ஜாவிலிருந்த மச்சானைக் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசினார், அவருடைய ஒப்புதலை எழுத்திலும் வாங்கிக்கொண்டார். எனக்கு முதலில் சற்றுக் கோபம் வந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். கேள்வி எதுவும் கேளாமல் எனக்குச் சாவி செய்து தருபவர், நாளை வேறொருவருக்கும் கேள்வி கேளாமல் என் வண்டிக்குச் சாவி செய்து தருவார் அல்லவா? சாவி செய்பவரைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை.

கதவுப் பூட்டின் வாயில் மெல்லிய கருவி ஒன்றை நுழைத்து, உள்ளே உள்ள தகடுகள் ஒவ்வொன்றும் எந்த உயரத்தில் நிற்கிறது என்று கணக்கெடுத்தார். அந்தக் கணக்கைச் சிறிய இயந்திரத்தில் கொடுத்துப் பல்லை வெட்டினார். கதவு திறந்தது. பின்னர் ஸ்டீயரிங்கின் அடியில் உள்ள இணைப்பில் ஒரு கருவியைப் பொருத்தி, புதிய சில்லைக் கணினியில் பதிவு செய்தார். இரண்டு மணி நேரம். வண்டி உயிர் பெற்றது.

போகும் முன் அவர் கூறியது ஒன்றை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். "பழைய சாவிகளைக் கணினியின் நினைவிலிருந்து அழித்துவிட்டேன். எவர் கையில் கிடைத்தாலும் வண்டி கிளம்பாது. ஆனால் கதவு திறக்கும். ஆகவே உள்ளே விலையுள்ள எதையும் வைக்காதீர்கள்." சாவி செய்யும் போது, தொலைந்ததை அழித்துவிடும்படி நீங்களே கேளுங்கள். வேறு சாவி வீட்டில் இருந்தால் அதையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அழிக்கும் போது எல்லாம் அழிந்து, கையில் உள்ளவை மட்டுமே மறுபடி பதிவாகும்.

காவல் நிலையமும் இன்சூரன்சும்

"சாவிக்குப் போய் யாராவது காவல் நிலையம் செல்வார்களா?" என்று சிலர் நகைக்கலாம். செல்லத்தான் வேண்டும். வெள்ளைத் தாளில் மனு ஒன்றை எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்புச் சான்றைப் பெற்று வையுங்கள். தொலைந்த சாவியைக் கொண்டு எவரேனும் தவறு செய்தால் அது உங்களுக்குச் சாட்சி.

மற்றொரு காரணம் இன்னும் பெரிது. நாளை வண்டியே திருடு போனால், இழப்பீடு கேட்கும் போது இன்சூரன்ஸ் நிறுவனம் வண்டியின் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று இல்லையெனில், "வண்டிக்குள்ளேயே சாவியை விட்டுவிட்டீர்களா?" என்ற ஐயம் எழும். ஒரு சாவி தொலைந்ததற்கு அப்போதே சான்று இருந்தால் உங்கள் சொல்லுக்கு வலு உண்டு. இல்லையெனில் சில ஆயிரம் ரூபாய்ச் சாவி, பல இலட்ச ரூபாய் இழப்பீட்டுக்குத் தடையாய் நிற்கும். சாவி தொலைந்த செய்தியை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

சாவி தொலைந்தால் செலவைத் தரும் கூடுதல் காப்பு ஒன்றையும் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. ஆண்டுதோறும் பாலிசி புதுப்பிக்கும் போது அது இருக்கிறதா, எத்தனை ரூபாய் வரை தருவார்கள், என்ன சான்று கேட்பார்கள் என்று வாசித்துப் பாருங்கள். விலையுயர்ந்த சாவி உள்ள வண்டிக்கு அது பயன் தரும். சாதாரண உலோகச் சாவிக்கு அது வீண் செலவு.

இரண்டாவது சாவியின் இடம்

இவ்வளவும் சொன்ன பின் சுருக்கம் இதுதான். இரண்டாவது சாவி செய்வதற்கு மலிவான காலம், முதல் சாவி கையில் இருக்கும் காலம். ஒன்று தொலைந்த அன்றே, "இன்னொன்று இருக்கிறதே" என்று இருந்துவிடாமல், மற்றொன்றைச் செய்துவிடுங்கள். பழைய வண்டி வாங்குவோர் விலை பேசும் போதே இரண்டு சாவியையும் கேட்டுப் பெறுங்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால் அதற்குரிய தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது சாவியை முதல் சாவியோடு ஒரே வளையத்தில் மாட்டாதீர்கள். வண்டிக்குள் வைக்காதீர்கள். எண் தகட்டைத் தனியே கழற்றி, ஆர்.சி.யின் நகலோடு பீரோவில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்பது வீட்டில் குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். கணவர் வெளிநாட்டில் இருக்கும் இல்லங்களின் சகோதரிகளுக்கு ஒரு சொல். அவர் விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் கடவுச்சீட்டு, பயணச்சீட்டு எல்லாவற்றையும் சரிபார்க்கிறோம். அவருடைய பையில் வீட்டுக் கார்ச் சாவி தங்கிவிட்டதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். வண்டி அவர் பெயரில் இருந்தால், அவர் இல்லாத காலத்தில் காரியம் பார்ப்பதற்கு உங்கள் பெயருக்கு ஓர் ஒப்புதல் கடிதத்தையும் எழுதி வாங்கி வையுங்கள்.

தொலைந்த மற்றொன்று

இத்துடன் முடித்திருக்கலாம். ஆனால் அது முழுக் கணக்கு ஆகாது.

எங்கள் தெருவில் 17 வயதுப் பையன் ஒருவன் வாரந்தோறும் அந்த வண்டியைக் கழுவித் தருவான். திருமண இரவில் அவனும் எங்களோடு நின்று விரிப்புகளை மடித்தான், நாற்காலிகளை அடுக்கினான். சாவி காணவில்லை என்றதும் பலரையும் கேட்டோம். அவனை மட்டும் மூன்று முறை கேட்டோம். கடைசி முறை கேட்டவன் நான். "நல்லா யோசிச்சுச் சொல்லு தம்பி" என்றேன். குரல் மென்மையாகத்தான் இருந்தது. ஆயினும் அதன் பொருள் அவனுக்கு விளங்காமல் இல்லை. அவன் பதில் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் முதல் வண்டி கழுவ வரவும் இல்லை.

ஏழு வாரம் சென்றது. வேறொரு விசேஷத்திற்காகப் பரணில் சுருட்டி வைத்திருந்த பாய்களை இறக்கி விரித்தார்கள். மூன்றாவது பாயை உதறியதும் சாவி தரையில் விழுந்தது. அன்றைய இரவு நான் இஷா தொழுத இடம் அந்தப் பாய்தான். பையில் உறுத்துகிறதென்று சாவியை எடுத்து ஓரத்தில் வைத்தவன் நானேதான். என் தங்கை சாவியைக் கையில் எடுத்து, என் முகத்தைப் பார்த்து, "காக்கா, அந்தப் புள்ளைய என்ன செய்யப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலையே அவன் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததைச் சொல்லி, தவறு என்னுடையது என்றேன். அவன் தாய் தேநீர் கொடுத்தார். "சாவி கெடைச்சிருச்சுல்ல, அது போதும் அண்ணே" என்றார். பையன் எழுந்து நின்று சலாம் சொன்னான். இப்போது அவன் இராமநாதபுரத்தில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் தொழில் பழகுகிறான். வழியில் கண்டால் சிரிக்கிறான். ஆனால் எங்கள் வாசலுக்கு அவன் மறுபடி வரவில்லை.

கண்டெடுத்த சாவியை மதுரைக்காரரிடம் கொண்டு போனேன். 1,000 ரூபாயில் மீண்டும் பதிவு செய்து கொடுத்தார். அதுவே இப்போது இரண்டாவது சாவி. எண் எழுதிய சிறு உறையில், தங்கையின் பீரோவில் இருக்கிறது. எனக்கும் அவளுக்கும் இடம் தெரியும்.

அன்பர்களே! தொலைந்த சாவிக்கு மாற்று உண்டு. முன்யோசனை இருந்தால் குறைந்த செலவிலேயே உண்டு. சந்தேகத்தால் புண்பட்ட ஒரு மனத்துக்கு அத்தகைய மாற்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆகையால் சாவி காணாத நாளில் பிறர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பாயை உதறிப் பாருங்கள். அதற்கும் முன்னதாக, இதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், அந்த இரண்டாவது சாவி எங்கே இருக்கிறதென்று பாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.